பன்னிரண்டாவது பத்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஃப்ரீசருக்குள் இருந்தது ஆறு மூஸ் மான்களின் கறி. நாற்பத்தொரு வீடுகளுக்குக் குளிர்காலம் முழுக்க வரவேண்டிய கறி. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் பெயர் ஆர்லீன் கொஸ்கெலா. சட்பரி என்கிற சுரங்க நகரத்தில் இருக்கிறேன். பகலில், சுரங்கங்களுக்குக் காற்றோட்டக் கருவி செய்கிற ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். அது சம்பளத்துக்கு. காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவது எனக்காக. அப்படி எழுதியதுதான் பக்கனென். என் அப்பா பேசிய ஃபின்னிஷ் மொழியில் கடுங்குளிர் என்று பொருள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு ஃப்ரீசர் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போய், கோடை முழுக்கப் பிடித்துச் சேர்த்த மீனெல்லாம் நாறிப்போன ஆத்திரத்தில் எழுதினேன். ஃப்ரீசருக்குள் பேட்டரி போட்ட ஒரு சின்ன வெப்பமானி. அது நிமிடத்துக்கு ஒரு தடவை குளிரின் அளவை வானொலி அலையில் சொல்லும். பக்கனென் கேட்டுக்கொண்டே இருக்கும். குளிர் குறைந்தாலும், வெப்பமானி வாயை மூடிக்கொண்டாலும், உங்கள் போனில் அலறும். அவ்வளவுதான் வேலை.

இலவசம். எழுதிய புரோகிராமும் வரிக்கு வரி எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிழை கண்டால் புகார் எழுதலாம். அந்தக் கடைசி உரிமைதான் வினையாகப் போனது.

ஆரம்பத்தில் புகார் எழுதியவர்கள் மனிதர்கள். வடக்கே யூக்கானில் பனிவண்டி நாய்களுக்கு சால்மன் மீன் சேர்த்துவைத்திருந்த ஒருவன் கெட்ட வார்த்தையோடுதான் கடிதத்தைத் தொடங்குவான். எழுத்துப் பிழை மலிந்திருக்கும். ஆனாலும் அவன் ஃப்ரீசருக்கு முன்னால் நின்று எழுதுகிறான் என்பது தெரியும். சண்டை போடுவோம், சரிசெய்வோம், அவன் நன்றி சொல்லாமல் போய்விடுவான். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருடமாக வேறொரு கூட்டம் வந்தது. ஃப்ரீசரே வைத்திராத கூட்டம். எவனோ எங்கேயோ உட்கார்ந்து, என் புரோகிராமை எடுத்து, தானே எழுதித்தரும் ஏ.ஐ. இயந்திரத்தின் வாயில் போட்டு, "இதில் பிழை கண்டுபிடித்துப் புகார் எழுது" என்பான். அது கண்டுபிடிக்கும். இல்லாததையும் கண்டுபிடிக்கும். வேலைக்கு மனுப் போடும்போது 'திறந்த மென்பொருள்களில் நாற்பது பிழை கண்டவன்' என்று போட்டுக்கொள்ளலாம் அல்லவா, அதற்காக. அந்த எழுத்து எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? வெல்லப்பாகில் தோய்த்த வைக்கோல். "இந்த அற்புதமான திட்டத்துக்கு உளமார்ந்த நன்றி" என்று ஆரம்பித்து, ஒன்றுமே சொல்லாமல் பன்னிரண்டு பத்தி ஓடி, "உங்கள் மேலான கருத்தை எதிர்நோக்குகிறேன்" என்று முடியும். காலையில் காப்பி குடிக்கிற நேரத்தில் இதைப் படித்துப் படித்து எனக்குக் காப்பியே குமட்ட ஆரம்பித்தது.

பக்கனெனைப் பார்த்துக்கொள்ள என்னோடு இன்னொருவன் உண்டு. ஓரின். ஆரிகனில் இருக்கிறான், முப்பது வயதுக்காரன், நேரில் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை காலையில் பேசிக்கொள்வோம்.

"தலைவி, இந்த வாரம் எத்தனை?" என்பான்.

"பதினேழுடா. ஒருத்தன், உங்க ஃப்ரீசரோட கடவுச்சொல் வெளியில கசியுதுன்னு எழுதியிருக்கான். ஃப்ரீசருக்கு ஏதுடா கடவுச்சொல்?"

"ஐஸ்கிரீம் திருடு போகாம இருக்க வெச்சிருப்பீங்க."

"சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது. ஒண்ணரை மணி நேரந்தான் எனக்குன்னு இருக்கு. அதுல இந்தக் கழிசடைங்க எழுதினத அள்ளிக் கொட்டவே சரியாப் போகுது."

"அள்ளிக் கொட்டறதுதான் கொட்டறோம், நாலு பேர் பாக்கற மாதிரி கொட்டுவோமே," என்றான் அவன்.

அப்படித்தான் 'நாற்றக்கூடை' என்ற பக்கம் பிறந்தது. எங்கள் உலகத்தில் இது புதிதல்ல. குப்பைப் புகார் எழுதியவனின் பெயரையும் எழுத்தையும் அப்படியே மாட்டி, கீழே நக்கலாக ஒரு வரி எழுதிவிடுவது. மற்றவர்களும் செய்கிறார்கள். ஆனால் நக்கல் எனக்குக் கொஞ்சம் நன்றாக வரும். ஒன்பது வருடமாகப் பக்கனெனைச் சீந்தாதவர்களெல்லாம் நாற்றக்கூடையைப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் சிரிக்கும் முகத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். நூறு, இருநூறு, ஐந்நூறு. பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது. காலையில் எழுந்ததும் அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். எழுதி வைத்திருந்ததை ஒட்டுவதுதான்: 'நாங்கள் சோதித்துப் பார்த்தோம். இப்படி ஒரு பிழை கிடையாது. கருவியை நீங்கள்தான் சரியாகப் பொருத்தவில்லை. அடுத்த முறை எழுதுமுன் சற்று யோசியுங்கள்.' ஒட்டிவிட்டுப் புகாரை மூடிவிடுவேன்.

ஒருநாள் என் கணவன் ஜில்பேர், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் லாரி ஓட்டுகிறவன். கம்ப்யூட்டர் என்றால் அவனுக்கு வேப்பங்காய்.

"சோதிச்சுப் பாத்தியா?"

"என்னது?"

"சோதிச்சுப் பாத்தோம்னு போட்டிருக்கியே."

"பாக்கவே வேண்டாம். மொத மூணு வரியிலயே நாத்தம் தெரிஞ்சுடும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

"அப்ப 'மோந்து பாத்தோம்'னு எழுது," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அதையும் ஓரினிடம் சொல்லிச் சிரித்தேன்.

செப்டம்பரில் வந்தது கிஸ்லேன் திபோ என்கிற பெயரில் ஒரு புகார். 'மதிப்பிற்குரிய பக்கனென் குழுவினருக்கு, இன்றைய வேகமான உலகில் உணவுப் பாதுகாப்பு என்பது மிக முக்கியமான தூணாக விளங்குகிறது' என்று ஆரம்பம். தூணாம்! இரண்டாவது வரியில் சமூகம், மூன்றாவது வரியில் நம்பகத்தன்மை. அதோடு நிறுத்தினேன். பதிலை ஒட்டினேன். புகாரை மூடினேன். நாற்றக்கூடையில் மாட்டி, கீழே எழுதினேன்: 'இன்றைய வேகமான உலகில் இதையெல்லாம் படிக்க நேரமில்லை, கிஸ்லேன்.'

ஆயிரத்து எண்ணூறு பேர் சிரித்தார்கள். அதுவரை எதற்கும் அவ்வளவு வந்ததில்லை. ஓரின் அந்த வரியைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்றான்.

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே பெயரில் இன்னொரு புகார் வந்தது. இந்தத் தடவை தூணும் இல்லை, உலகமும் இல்லை. இங்கிலீஷ் நொண்டியது. மொத்தமே நாலு வரி.

'மேடம். ஃப்ரீசர் செத்துவிட்டது. ஒன்பது நாளாக. பக்கனென் இன்றைக்கும் -18 சொல்கிறது. கறி எல்லாம் போனது.'

கீழே ஒரு படம். சுவரில் மாட்டிய திரையில் பச்சை எழுத்தில் -18. அதற்குப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும் ஃப்ரீசர் கதவு. கதவுக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஏதோ ஓடியிருந்தது.

நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? 'கருவியைச் சரியாகப் பொருத்தியிருக்க மாட்டாள்.' என் விரல் பழக்கதோஷத்தில் அந்த ஒட்டும் பதிலைத் தேடிப் போயும்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் அந்த விரலை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அப்புறம் பழைய புகாரைத் திறந்தேன். நாற்றக்கூடையில் நானே மாட்டி வைத்திருந்ததுதான். படித்தேன். பதினோரு பத்தி வைக்கோல். உணவின் மகத்துவம், தொழில்நுட்பத்தின் பங்கு, எங்களுக்கு நன்றி, மறுபடி நன்றி. பன்னிரண்டாவது பத்தி மட்டும் வேறு கை. அது இயந்திரத்தின் கை இல்லை, அவளுடையது.

'பேட்டரி நான் எடுத்தேன் சோதிக்க. நாள் முழுக்க -18 சொல்லுது. நிலவறைச் சுவர் தடிப்பு, அதனால் நடுவில் எதிரொலிப் பெட்டி வைத்திருக்கிறேன். வெப்பமானி செத்தாலும் பெட்டி பழைய சேதியைத் திருப்பித் திருப்பிச் சொல்லுது. ஒவ்வொரு சேதியிலும் ஒரு எண் இருக்கு. உயிரோட இருந்தால் எண் ஏறும். செத்தால் அதே எண். நீங்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. நான் ஒரு வரி எழுதினேன், கீழே. சரியா தெரியாது. மன்னிக்கவும்.'

கீழே ஒரே வரியில் புரோகிராம். எண் ஏறவில்லையென்றால் அலறு.

வானொலி அலையை வாங்கித் திருப்பி அனுப்புகிற அந்த எதிரொலிப் பெட்டி என்னிடமும் ஒன்று இருந்தது, மேசை இழுப்பறையில், உறை பிரிக்காமல். எடுத்து மாட்டினேன். எங்கள் ஃப்ரீசருக்குள் இருந்த வெப்பமானியின் பேட்டரியைக் கழற்றினேன். மின்னடுப்பில் பதித்திருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம். -18. நாற்பது நிமிடம். -18. பேட்டரி என் உள்ளங்கையில் இருக்கிறது, பக்கனென் சொல்கிறது எல்லாம் சௌக்கியம் என்று. செப்டம்பரில் இதைச் செய்ய எனக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம் அவ்வளவுதான். நாற்றக்கூடைக்கு நக்கல் யோசிக்க அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனிக்கு லீவு சொன்னேன். ஜில்பேர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, 'நான் அப்பவே சொன்னேன்' என்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

"எந்த ஊரு?"

"ஹர்ஸ்ட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"எங்க அம்மா ஊருக்குப் பக்கம். பூட்ஸ் எடுத்துக்க," என்றான். "ரப்பர் கையுறையும் எடுத்துக்க."

ஆறு மணி நேரப் பயணம். வழியெல்லாம் ஈரப் பனி. காலிக் கையோடு எப்படிப் போவது என்று ஒரு கடையில் கேக் வாங்கப் போனேன். ஜில்பேர் என் கையைப் பிடித்து, "வேண்டாம்" என்றான். அதுவும் சரிதான். அந்த இடத்துக்குக் கேக்கோடு போகிறவள் என்ன பிறவி?

பழைய புகாரின் அடியில் இருந்த முகவரி ஒரு மாதா கோயில் மண்டபம், ஊர்ப் பொது ஃப்ரீசர் அதன் நிலவறையில். பின்பக்கம் ஒரு லாரி நின்றது. நாற்றம் வாகனம் நிறுத்துமிடத்திலேயே ஆரம்பித்துவிட்டது. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, மூக்கு மரத்துப்போகிற குளிர், அதையும் கிழித்துக்கொண்டு வந்தது. முதலில் இனிப்பாக வரும், அதுதான் கொடுமை. பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நிலவறைப் படியில் இறங்கும்போது ஒரு ஆள் மேலே வந்துகொண்டிருந்தார். கால் தாங்கித் தாங்கி நடக்கிற கிழவர். கையில் இரண்டு கறுப்புப் பை. பையிலிருந்து சொட்டியது. வழியை விட்டு ஒதுங்கினேன், சுவர் பிசுபிசுத்தது.

கீழே ஒரு பெண் முழங்காலிட்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். குட்டையான உடம்பு, வாயில் துணி, மூக்குக்குக் கீழே பளபளவென்று தைலம். அவர்தான் கிஸ்லேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. ஊர் நூலகத்தில் குளிர்கால வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதப் படித்திருக்கிறார். பொழுதுபோக்குக்கு.

"சட்பரியிலேர்ந்து வர்றோம்," என்றான் ஜில்பேர், பிரெஞ்சில். "இவதான் ஆர்லீன். பக்கனென் எழுதினவ."

அவர் எழுந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன், நாற்றம் உள்ளே போனது.

"நேர்லயே வந்துட்டீங்களா மேடம்," என்றார். "கையுறை இருக்கா?"

இருந்தது. மூன்று மணி நேரம் வேலை செய்தோம். அதை நான் அழகாகச் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பையிலும் வேட்டையாடியவரின் பெயரும் தேதியும் கறுப்பு மையில் எழுதியிருந்தது. சிலவற்றில் 'குழந்தை இருக்கிற வீடு', 'பல் இல்லை, அரைத்தது' என்றும். பைகள் காற்றில் ஊதிப்போயிருந்தன. ஒன்று என் கையிலேயே வெடித்தது. சாம்பல் நிறத்தில், சளி மாதிரி, முழங்கை வரை வழிந்தது. ஓடிப்போய் வெளியே பனியில் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்து அடுத்த பையை எடுத்தேன். சுகாதார அதிகாரி வந்து பார்த்து எல்லாவற்றையும் புதைக்கச் சொல்லிவிட்டாராம். ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை.

லாரி கிளம்பியதும், மண்டபத்துச் சமையலறையில் கை கழுவிவிட்டு உட்கார்ந்தோம். கிஸ்லேன் காப்பி ஊற்றினார். எனக்கும்தான்.

"குளிர்ல பேட்டரி சீக்கிரம் செத்துடும், அது எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தார், பாதி இங்கிலீஷில், பாதி பிரெஞ்சில்; பிரெஞ்சை ஜில்பேர் எனக்குச் சொன்னான். "அதனாலதான் செப்டம்பர்ல கழட்டிப் பாத்தேன். பாத்தா இப்படிச் சொல்லுது. சரி, நம்பக்கூடாதுன்னு நோர்மான்கிட்ட சாவியக் குடுத்து, தினமும் காலையில எறங்கித் தொறந்து பாத்துட்டு வாய்யான்னேன்." தாங்கித் தாங்கி நடந்த கிழவரைக் காட்டினார். "அவருக்கு முழங்கால் வலி. இருந்தாலும் எறங்கினாரு."

"பதினாலு படி," என்றார் நோர்மான்.

"அப்பறம் உங்க பதில் வந்துச்சு. அதப் படிச்சுட்டு, இவரப் போகவேண்டாம்னு நான்தான் சொன்னேன். வேட்டை முடிஞ்சு கறி உள்ள போனப்பறம் ஒருத்தரும் தொறக்கல. டிசம்பர் மொத சனிக்கிழமைதான் பங்கு பிரிக்கறது. போன ஞாயித்துக்கிழமை பிங்கோ ஆட வந்தவங்க, கீழ ஏதோ செத்துக் கெடக்குன்னாங்க. எறங்கிப் பாத்தா, வெப்பமானி பேட்டரியும் செத்திருந்துச்சு, ஃப்ரீசரும் செத்திருந்துச்சு."

அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்க்கிறவர் மாதிரி பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சோதிச்சுப் பாத்தோம்னு எழுதியிருந்தீங்களே மேடம். எனக்கு அதுதான் புரியல. எப்படிச் சோதிச்சீங்க? நான் மறுபடி மறுபடி பேட்டரியக் கழட்டிப் பாத்தேன். எனக்கு மட்டும் தப்பாவே வந்துச்சு. நான் என்ன தப்பாப் பண்ணினேன்?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். இரண்டு மாதமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அல்லாடியிருக்கிறார். பெரிய இடத்தில் சோதித்திருக்கிறார்கள், அப்படியென்றால் பிழை தன் கையில்தான் என்று.

"சோதிக்கல," என்றேன்.

"என்ன?"

"சோதிக்கவே இல்ல. எல்லாருக்கும் அதையேதான் எழுதுவேன். உங்களோடத மூணு வரிதான் படிச்சேன். மெஷின் எழுதினதுன்னு தெரிஞ்சுது, மூடிட்டேன்."

ஜில்பேர் மேசையைப் பார்த்தான். நோர்மான் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவையும் படவில்லை.

"மெஷின்தான் எழுதிச்சு," என்றார் கிஸ்லேன் மெதுவாக. "போன வருஷம் வேறொரு விஷயத்துக்கு நானே எழுதினேன். ஞாபகம் இருக்கா? 'ஒன்றும் புரியவில்லை, தெளிவான இங்கிலீஷில் எழுதுங்கள்'னு பதில் போட்டீங்க. எனக்கு அவ்வளவு தெளிவான இங்கிலீஷ் வராது. அதுக்கு வரும். கடைசிப் பத்தி மட்டும் அது தப்புத்தப்பா எழுதிச்சு, அதனால நானே எழுதினேன்."

எனக்கு ஞாபகம் இல்லை. அப்படி எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்!

"அந்தப் பக்கத்தையும் பாத்தேன். என் பேரு, ஆயிரத்து எண்ணூறு சிரிப்பு. நோர்மான்தான் காட்டினாரு. நானும் சேந்து சிரிச்சேன், மேடம். தப்பு என்னோடதுன்னு நெனச்சா சிரிச்சுத்தானே ஆகணும்?"

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று நினைவில்லை. வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லும் எனக்கே வழுவழுவென்று, ஒட்டும் பதில் மாதிரி கேட்டது. கடைசியில், எனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைக் கையில் எடுத்தேன். எங்கள் உலகத்தில் சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது, பெயர் ஒன்றுதான். ஒரு பிழையைக் கண்டு திருத்தியவரின் பெயர் அந்த மென்பொருள் உள்ள வரை கூடவே இருக்கும்.

"உங்க வரி சரி," என்றேன். "ஒரு எழுத்துகூட மாத்த வேண்டியதில்ல. நாளைக்கே போட்டுடறேன். கண்டுபிடிச்சவங்க, திருத்தினவங்க ரெண்டுலயும் உங்க பேருதான் இருக்கும். பக்கனென் பட்டியல்ல மூணாவது பேரு."

கிஸ்லேன் தன் கையை மோந்து பார்த்தார். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. மறுபடி குழாயடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்தார்.

"வேண்டாம் மேடம்," என்றார். "உங்க பட்டியல்ல என் பேரு ஒரு தடவ வந்தது போதும்."

"அப்படியில்ல, இது வேற…"

"அந்த வரிய எடுத்துக்குங்க. மத்தவங்க ஃப்ரீசராவது நல்லா இருக்கட்டும். என் பேரு மட்டும் வேண்டாம். அந்தப் பக்கத்துலேர்ந்தும் எடுத்துடுங்க. எங்கயும் இருக்கவேண்டாம்." குழாயை மூடினார். "எங்க சுவத்துல இருந்த பக்கனெனையும் கழட்டிட்டேன். நோர்மான் மறுபடி எறங்கறேங்கறாரு."

"பதினாலு படிதானே," என்றார் நோர்மான், என்னைப் பார்க்காமல்.

அன்றிரவே ஜில்பேரும் நானும் திரும்பினோம். காக்ரேன் ஊரைத் தாண்டியதும் அவன் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டான். நாங்கள் இருவரும் அந்த அளவுக்கு நாறினோம்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்தேன். நாற்றக்கூடையை மொத்தமாக அழித்தேன். அவர் எழுதிய வரியைச் சேர்த்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. எழுதியவர் என்ற இடத்தைக் காலியாக விட முடியாது. யாராவது ஒருவர் பெயர் அங்கே இருந்தே ஆகவேண்டும். என் பெயர் விழுந்தது. கீழே நடந்ததை எழுதினேன்: புகார் வந்தது, முழுதாகப் படிக்கவில்லை, சோதிக்காமல் சோதித்தேன் என்று பொய் சொன்னேன், நாற்பத்தொரு வீட்டுக் கறி அழுகியது, இந்த வரி என்னுடையதல்ல, எழுதியவர் பெயர் வேண்டாம் என்றுவிட்டார்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்ட வேண்டுமென்று ஆசைப்பட்டேன்.

பத்து மணிக்கு ஓரின் கூப்பிட்டான். குரலே துள்ளியது. "தலைவி! பாத்தீங்களா? எல்லா எடத்துலயும் நம்ம பேச்சுதான். ஒரே நாள்ல இவ்வளவு பேர் நமக்கு வந்ததே இல்ல!"

பார்த்தேன். 'எவ்வளவு நேர்மை!' 'தவறை ஒப்புக்கொள்ளும் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன்.' 'நம் துறைக்கு உங்களைப் போன்றவர்கள்தான் தேவை.' 'ஒரே வரியில் எவ்வளவு நேர்த்தியான திருத்தம், ஆர்லீன்!' கட்டைவிரல்கள், இதயங்கள், கைதட்டல்கள். இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. கறியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாற்பத்தொரு வீடு இந்தக் குளிர்காலத்தில் எதைத் தின்னும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பது வருடமாக இந்த உலகத்தில் புழங்குகிறேன், பெயர்கள் எனக்குப் பழக்கம். செப்டம்பரில் கிஸ்லேனைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் பெரும்பாலும் இப்போது எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சீ என்றிருந்தது, அவர்களைப் பார்த்தும், அவர்களை அங்கே சேர்த்து வைத்த என்னைப் பார்த்தும்.

"என்ன தலைவி, சந்தோஷமா இல்லையா?" என்றான் ஓரின்.

"வெச்சுடுறா," என்றேன்.

கடைசியாக ஒருவன் கேட்டிருந்தான்: 'எல்லாம் சரி, நாற்றக்கூடையை ஏன் எடுத்துவிட்டீர்கள்? காலையில் சிரிக்க எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதானே! எப்போது திரும்ப வரும்?' அதற்குக் கீழேயும் நூற்றுப்பத்து கட்டைவிரல். அவனுக்குப் பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். எதை எழுதினாலும் அதற்கும் கைதட்டிவிடுவார்களே என்று பயமாக இருந்தது.